அமைச்சர் பதில் சொன்னாரா? மலக்குழி மரணங்கள் பற்றிய நாடாளுமன்றப் பதில்களைப் படித்துக் கற்றது

நாடாளுமன்றத்தில் அமைச்சர்கள் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறார்களா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் எப்படி நழுவுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் கோபப்பட்டு மட்டும் பயனில்லை. அவையில் தெரிந்தே பொய் சொன்னால் உரிமை மீறல் பிரச்சினை கிளம்பும் என்பதால் நேரடிப் பொய் அபூர்வம். வருவதெல்லாம் எழுத்தளவில் சரியாக இருக்கும், கேட்டவர் கையில் ஒன்றும் மிஞ்சாது, அந்த மாதிரிப் பதில்கள். பல வருடங்களாக இந்தப் பதில்களைப் படித்தும், எம்.பி.க்களுக்குக் கேள்வி எழுதிக் கொடுத்தும் வருகிறேன். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும்.

மலக்குழியிலும் பாதாளச் சாக்கடையிலும் இறங்கி விஷவாயு தாக்கி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு வாங்கித் தர முயலும் ஒரு சிறு குழுவில் இருக்கிறேன். மனு எழுதுவது, எஃப்.ஐ.ஆர். நகலுக்கு அலைவது, ஆட்சியர் அலுவலகத்தில் காத்திருப்பது, இதுதான் அன்றாட வேலை. நாடாளுமன்றம் எங்களுக்கு வெகுதூரம் என்றுதான் முதலில் நினைத்தோம். டெல்லியில் மேசையில் வைக்கப்படும் ஒரு தாள், இங்கே ஒரு விதவையின் மனுவை நிறுத்தவும் செய்யும், நகர்த்தவும் செய்யும் என்பது 2021இல் புரிந்தது.

அந்த வருடம் ஜூலை மாதம் மாநிலங்களவையில் மல்லிகார்ஜுன கார்கேயும் எல். அனுமந்தையாவும் கேட்ட கேள்விக்கு, சமூக நீதித் துறை இணை அமைச்சர் ராம்தாஸ் அதாவலே எழுத்து மூலம் பதில் தந்தார். கையால் மலம் அள்ளும் தொழிலால் மரணம் எதுவும் பதிவாகவில்லை என்பது அதன் சாரம். செய்தி வந்த அன்று எங்கள் குழுவில் யாருக்கும் வேலை ஓடவில்லை, ஏனென்றால் அதே துறை அதே வருடம் பிப்ரவரியில் மக்களவையில், முந்தைய ஐந்து ஆண்டுகளில் சாக்கடையும் செப்டிக் டேங்கும் சுத்தம் செய்யும்போது 340 பேர் இறந்ததாகவும் அதில் தமிழ்நாட்டில் மட்டும் 43 பேர் என்றும் சொல்லியிருந்தது. அந்த ஆண்டே வந்த இன்னொரு பதிலில் 1993 முதல் இறந்தவர்கள் 941 பேர், அதில் தமிழ்நாடு 213, நாட்டிலேயே அதிகம். அப்படியென்றால் ஜூலையில் மட்டும் எல்லோரும் எங்கே போனார்கள்?

விடை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. கையால் மலம் அள்ளுபவர்களைப் பணியமர்த்துவதைத் தடை செய்து அவர்களுக்கு மறுவாழ்வு தரும் அந்தச் சட்டம் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக வரையறுக்கிறது. உலர் கழிப்பிடம் போன்ற சுகாதாரமற்ற கழிப்பிடங்களில் மலத்தைக் கையால் அள்ளுவது ஒன்று. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ சுத்தம் செய்ய வைக்கும் 'அபாயகரமான தூய்மைப் பணி' இன்னொன்று. இரண்டும் குற்றம். சாவு நடப்பது பெரும்பாலும் இரண்டாவதில். கேள்வியில் முதலாவதை மட்டும் எழுதினால் பதில் பூஜ்யம். பிந்தைய பதில்களில் இரண்டு வாக்கியமும் அடுத்தடுத்தே வரும்: மலம் அள்ளியதால் மரணம் என்று தகவல் இல்லை, ஆனால் அபாயகரமான தூய்மைப் பணியில் ஏற்பட்ட விபத்துகளில் இத்தனை பேர் இறந்துள்ளனர். ஜூலை பதிலை எழுதிய அதிகாரிக்கு அந்த இரண்டாவது வாக்கியம் தெரியாமல் இருந்திருக்க முடியாது. கேள்வியில் சொல் இல்லை என்பதால் அதைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் அந்த உறுப்பினர்கள் எதைத் தெரிந்துகொள்ளக் கேட்டார்கள் என்பது நாட்டில் எல்லோருக்கும் தெரியும், துறைக்கும் தெரியும்.

இது வெறும் சொல் சண்டை என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒரு அரசு அலுவலகத்துக்குக் கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணோடு போயிருந்தோம். அங்கிருந்தவர் பைலைத் திறக்கும் முன்பே, "ஏம்மா, அப்படிச் சாவே இல்லைன்னு பார்லிமெண்டுலயே சொல்லிட்டாங்களே, நீங்க எந்தக் கணக்குல கேக்குறீங்க?" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, செய்தித்தாளில் பார்த்ததைச் சொன்னார். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, அப்ப அவரு எதுல செத்தாருன்னு எழுதியிருக்காங்க?" என்று கேட்டார். எஃப்.ஐ.ஆரில் சந்தேக மரணம் என்று எழுதியிருந்தார்கள். பெரும்பாலான வழக்குகளில் அப்படித்தான் முதலில் பதிவாகும், 2013 சட்டத்தின் பிரிவுகளும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பிறகு சண்டை போட்டுச் சேர்க்க வேண்டியவை. காவல் நிலையத்தில் தவறான பிரிவில் பதிவாகும் சாவு மாவட்டக் கணக்கில் ஏறாது, மாவட்டம் அனுப்பாததை மாநிலம் அனுப்பாது, மாநிலம் அனுப்பாததை அமைச்சர் "பதிவாகவில்லை" என்பார். இந்தச் சங்கிலியில் ஒவ்வொருவரும் தன் அளவில் உண்மையைத்தான் சொல்கிறார்.

அதனால் நாங்கள் முதலில் கற்றது, கேள்வியைச் சட்டத்தின் மொழியில் எழுத வேண்டும் என்பது. பேச்சு வழக்கில் நாம் எப்படிச் சொன்னாலும் சரி, கேள்வியில் சட்டத்தின் இரண்டு வரையறைகளும் பெயரோடு வர வேண்டும், கூடவே 'சாக்கடை அல்லது செப்டிக் டேங்கில் இறங்கியபோது, எந்தக் காரணத்தால் பதிவாகியிருந்தாலும்' என்று ஒரு வரி. மாநிலவாரியாக, ஆண்டுவாரியாக என்று கேட்க வேண்டும். மொத்த எண்ணை மட்டும் கேட்டால் மொத்த எண் மட்டும் வரும், அதை வைத்து எந்த மாவட்டத்திலும் எதையும் கேட்க முடியாது.

விதிகளும் தெரிந்திருக்க வேண்டும். மக்களவையில் ஒரு கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், குற்றச்சாட்டு, ஊகம், ஏளனம் இருந்தால் அனுமதி மறுக்கப்படும். அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது, தகவல்தான் கேட்கலாம். நீதிமன்ற விசாரணையில் இருப்பதைத் தொட முடியாது. குறைந்தது 15 முழு நாட்கள் முன்னதாக நோட்டீஸ் போக வேண்டும். துறைகள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு குழுவுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கும், உங்கள் துறைக்கு எந்த நாள் என்று பார்த்து அனுப்ப வேண்டும். அப்புறம், எந்தக் கேள்விகள் பட்டியலில் ஏறும் என்பதற்குக் குலுக்கல். மக்களவையில் ஒரு நாளைக்கு, அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, எழுத்தில் மட்டும் பதில் வரும் குறியிடாதவை 230. மாநிலங்களவையில் 15, 160. ஒரே எம்.பி.யை நம்பியிருந்தால் குலுக்கலில் விழாமலே கூட்டத்தொடர் முடிந்துவிடும், எனவே ஒரே பொருளை வெவ்வேறு கட்சியினருக்கும் இரண்டு அவைக்கும் அனுப்புவது நல்லது.

கோபமான கேள்விகளை எழுதித் தருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "இத்தனை உயிர்கள் போயும் அரசு ஏன் தூங்குகிறது" என்ற மாதிரி. நியாயமான கோபம்தான், எனக்கும் உண்டு. ஆனால் அது நாடாளுமன்றச் செயலகத்திலேயே வெட்டப்படும், அல்லது "அரசு உறுதியுடன் செயல்பட்டு வருகிறது" என்று ஒரு பத்தியை வாங்கிக்கொண்டு வரும். அமைச்சருக்கு எதையும் சொல்லாமல் பத்தி பத்தியாகப் பேச நாமே இடம் கொடுத்ததாகிவிடும். வறண்ட கேள்விதான் வலிமையான கேள்வி. எத்தனை எஃப்.ஐ.ஆர்., எத்தனையில் குற்றப்பத்திரிகை, எத்தனை தண்டனை, எத்தனை குடும்பத்துக்கு எவ்வளவு தொகை, எந்தத் தேதியில்.

மாநிலப் பட்டியல் என்று சொல்லி நழுவுவது இன்னொரு வழி. சுகாதாரம், துப்புரவு, காவல் எல்லாம் மாநிலத்தின் பொறுப்பு, ஆகவே கேள்வி எழவில்லை என்பார்கள். இதற்கு வழி, மத்திய அரசு தானே நிர்வகிக்கும் இடங்களைப் பற்றிக் கேட்பது. ரயில்வே இருக்கிறது, மத்திய பொதுத்துறை நிறுவனங்களின் குடியிருப்புகள் இருக்கின்றன, பாதுகாப்புத் துறையின் கீழ் கன்டோன்மென்ட்கள் இருக்கின்றன, தமிழ்நாட்டிலேயே பரங்கிமலையும் வெலிங்டனும். அங்கே சாக்கடையை யார் சுத்தம் செய்கிறார்கள், எந்த ஒப்பந்தத்தில், எத்தனை இயந்திரம் என்று கேட்டால் மாநிலத்தைக் கைகாட்ட முடியாது. அடுத்தது மத்திய நிதி. நமஸ்தே என்ற பெயரில் தூய்மைப் பணிக்கான இயந்திரமயத் திட்டம் இருக்கிறது, அதில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு விடுவிக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்பது முழுக்க மத்திய அரசின் கணக்கு.

சரி, கேள்வி குலுக்கலில் விழுந்தது, பதில் வந்தது என்று வையுங்கள். பதிலைப் படிப்பது தனி வேலை, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. கேள்வி (அ), (ஆ), (இ), (ஈ), (உ) என்று பகுதி பகுதியாக இருக்கும். பதில் தனித்தனியாக வந்தால் நல்லது. ஆனால் நிறைய முறை "(அ) முதல் (உ) வரை" என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, கீழே நான்கு பத்தி எழுதியிருப்பார்கள். முதல் பத்தியில் சட்டத்தின் வரலாறு, இரண்டாவதில் திட்டத்தின் பெயரும் நோக்கமும், மூன்றாவதில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிய விவரம், கடைசியில் ஒரு இணைப்பு அட்டவணை. படித்து முடித்ததும் நிறையச் சொன்ன மாதிரி இருக்கும். நான் செய்வது இது: கேள்வியின் ஒவ்வொரு பகுதியையும் இடது பக்கம் எழுதிக்கொண்டு, பதிலில் அதற்கான வரியைத் தேடி வலது பக்கம் எழுதுவேன். வலது பக்கம் காலியாக இருக்கும் பகுதிதான் அவர்கள் சொல்ல விரும்பாதது. எங்கள் பொருளில் அந்தக் காலியிடம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வரும், எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்ற பகுதியில்.

அட்டவணையை விடாதீர்கள். பத்திகளில் இல்லாத உண்மை பல முறை இணைப்பில் கிடக்கும். 2021 டிசம்பரில் மாநிலங்களவையில் வந்த ஒரு பதில், அடையாளம் காணப்பட்ட 58,098 மலம் அள்ளும் தொழிலாளர்களில் 43,797 பேரின் சாதி விவரம் இருப்பதாகவும், அதில் 42,594 பேர் பட்டியல் சாதியினர் என்றும் சொன்னது. எந்த அமைச்சரும் மேடையில் சொல்லத் தயங்கும் உண்மை, அரசின் தாளில், அரசின் கையெழுத்தோடு. சரியான கேள்வியைக் கேட்டதால் வந்தது. இந்த எண்ணை நாங்கள் பேசாத இடமில்லை.

நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் இரண்டு அவைகளின் பதில்களும் துறைவாரியாக, உறுப்பினர்வாரியாக, தேதிவாரியாகக் கிடைக்கின்றன, பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளலாம். இருப்பது இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். பதில் யாரைப் பற்றியதோ அவர்களால் படிக்க முடியாத மொழியில் அது இருக்கிறது என்பது எனக்கு இன்றும் ஆறாத மனக்குறை. நாங்கள் முக்கியமானவற்றைத் தமிழில் எழுதிக் குடும்பங்களிடம் கொடுக்கிறோம். ஒரே பொருளில் பழைய பதில்களைச் சேர்த்து வைத்தால் துறை தன் சொல்லை எங்கே மாற்றுகிறது என்று தெரியும். பிப்ரவரியையும் ஜூலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் எங்களுக்கு 2021 விளங்கியது.

"தரவு இல்லை" என்ற பதிலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும். 2020 செப்டம்பரில் கொரோனா காலத்துக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே ரத்தானது, எழுத்துப் பதில்கள் மட்டும் வந்தன. ஊரடங்கில் நடந்தே ஊர் போன புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் வழியில் இறந்தார்கள் என்ற கேள்விக்கு, தொழிலாளர் அமைச்சகம் அப்படித் தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்றது. தரவு இல்லாததால் இழப்பீடு பற்றிய கேள்வியே எழவில்லை. அதே கூட்டத்தொடரில் ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல், அந்தத் தொழிலாளர்களுக்காக விட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்ததாகச் சொன்னார். ஒரு அமைச்சகத்திடம் இல்லாத கணக்கின் ஒரு பகுதி இன்னொரு அமைச்சகத்திடம் இருந்தது. 2021 ஜூலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்தவர்கள் பற்றிக் கேட்டபோது, மாநிலங்கள் அப்படிக் குறிப்பிட்டு எதையும் தெரிவிக்கவில்லை என்று சுகாதார இணை அமைச்சர் பாரதி பிரவீன் பவார் பதில் தந்தார். அந்த ஆண்டே குளிர்காலக் கூட்டத்தொடரில், வேளாண் சட்டங்களை எதிர்த்த போராட்டத்தில் இறந்த விவசாயிகள் பற்றி வேளாண் அமைச்சகத்திடம் பதிவு இல்லை என்றார்கள்.

நாடே கண்ணால் பார்த்த சாவுகள் இவை. ஆனால் நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும், ஆக்சிஜன் விஷயத்தில் எண்ணை அனுப்பாதவை மாநிலங்கள், அதில் எதிர்க்கட்சிகள் ஆண்டவையும் இருந்தன. மலக்குழி மரணத்திலும் தன் மாநிலத்தின் எண் குறைவாகத் தெரிய வேண்டும் என்று விரும்பாத அரசு இல்லை. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் பதில் எழுதும் அதிகாரிக்குத் தெரிந்த முதல் பாடம், எண் வெளியே போனால் பொறுப்பும் கூடவே போகும் என்பதுதான். எதை எண்ணுவது என்பதை அரசுதான் தீர்மானிக்கிறது. எண்ணாமல் விட்டுவிட்டு எண் இல்லை என்று சொல்வதை நான் பதிலாக ஏற்றுக்கொள்வதில்லை.

இதற்கும் கேள்வியில் வழி உண்டு. எண்ணை மட்டும் கேட்காமல், இந்தத் தகவலைத் திரட்டும் பொறுப்பு எந்த அமைப்பிடம் உள்ளது, எந்த மாநிலங்களிடம் எந்தத் தேதியில் கேட்கப்பட்டது, எவை பதில் அனுப்பின, எவை அனுப்பவில்லை என்று கேளுங்கள். தரவு இல்லை என்று சொல்ல முடியாத கேள்வி இது, கடிதம் எழுதியது அவர்கள்தானே. அனுப்பாத மாநிலத்தின் பெயர் பட்டியலில் வந்தால் அங்கே உள்ளவர்கள் தங்கள் சட்டமன்றத்தில் கேட்கலாம்.

நேரடியாக அவையில் கேட்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், அங்கேதான் அமைச்சர் நிஜமாக மாட்டுவார். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு எழுந்து பதில் சொல்ல வேண்டும், கேட்ட உறுப்பினர் வழக்கமாக இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம், பிறகு மற்றவர்களும் கேட்கலாம். இதற்காகத் துறை அதிகாரிகள் என்னென்ன துணைக் கேள்வி வரும் என்று ஊகித்துக் கட்டுக் கட்டாகக் குறிப்பு தயாரித்துத் தருவார்கள். ஆனால் பட்டியலில் இருக்கும் இருபதும் வாய்மொழியாக வருவதே இல்லை, நேரம் ஒரு மணிதான், அமளியில் அதுவும் போகும், மேலிருக்கும் சில கேள்விகளோடு மணி அடித்துவிடும். கிடைத்த வாய்ப்பிலும் நம் எம்.பி.க்கள் பலர் துணைக் கேள்வியைச் சொற்பொழிவாக்கி விடுகிறார்கள். இரண்டு நிமிடம் பேசி, தொகுதிக் கோரிக்கை ஒன்றைச் சேர்த்து, கடைசியில் கேள்வியாக முடிப்பார்கள். அமைச்சர் அந்தத் தொகுதிக் கோரிக்கைக்கு மட்டும் இனிமையாகப் பதில் சொல்லி உட்கார்ந்துவிடுவார். நான் எழுதித் தரும்போது துணைக் கேள்வி ஒரே வரி, ஒரே எண், ஆம் இல்லை என்று சொல்லியாக வேண்டியது. ஒரு எம்.பி.யின் உதவியாளர், "சார், இவ்வளவு சின்னதா எழுதுனா தலைவர் பேசுன மாதிரியே இருக்காதே" என்றார். அவர் கவலை புரிகிறது, கிளிப் பார்க்கும் தொகுதி மக்களுக்கு உரத்த பேச்சுதான் பிடிக்கிறது. அங்கே நம் பொறுப்பும் இருக்கிறது, சின்னக் கேள்வி கேட்ட எம்.பி.யை நாம் பாராட்டி எழுதியதுண்டா?

துணைக் கேள்வியை விடாமல் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே பழைய உதாரணம் இருக்கிறது. 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளை வாங்கியது பற்றி ராம் சுபக் சிங் எம்.பி. கேட்ட கேள்விக்கு அரசு மழுப்பலாகத்தான் பதில் சொன்னது. ஃபெரோஸ் காந்தி அதைப் பிடித்துக்கொண்டார், ஆளும் கட்சி உறுப்பினர் அவர், பிரதமரின் மருமகன். ஆறு கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய் போட்டது வெளியே வந்தது, நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார், 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். செயலாளர் செய்ததற்கும் அமைச்சர்தான் பொறுப்பு என்று சாக்ளா சொன்னது முக்கியம். இன்று அதிகாரி எழுதித் தந்த பதிலைப் படித்துவிட்டு எனக்குத் தெரியாது என்று எந்த அமைச்சரும் சொல்ல முடியாது. ஆளும் கட்சியிலிருந்தே ஒருவர் அப்படிக் கேட்டார் என்பதுதான் எனக்கு அதில் மிகப் பெரிய விஷயம்.

பதில் வந்த பிறகும் வழிகள் உண்டு, இவற்றை எம்.பி. அலுவலகங்களே பல நேரம் பயன்படுத்துவதில்லை. "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்", "பரிசீலனையில் உள்ளது" என்று வந்தால் அது வெறும் தட்டிக்கழிப்பு என்று விட்டுவிடாதீர்கள். அது உறுதிமொழி. இரண்டு அவைகளிலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது, மக்களவையில் 1953 முதல். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும், கைவிடுவதென்றாலும் குழுவிடம் காரணம் சொல்லிக் கேட்க வேண்டும். ஆகவே தேதியைக் குறித்து வைத்து, மூன்று மாதம் ஆனதும் அந்த எம்.பி.யிடம் நினைவூட்டுங்கள், குழுத் தலைவருக்கு ஒரு கடிதம் போகட்டும். பதிலில் தவறு இருந்தால் மக்களவையில் சபாநாயகரின் வழிகாட்டுதல் 115இன் கீழ் எம்.பி. அதைச் சுட்டிக்காட்டி எழுதலாம். பதில் போதவில்லை என்றால் அரை மணி நேர விவாதம் கேட்கலாம், மக்களவையில் விதி 55, மாநிலங்களவையில் விதி 60. கிடைப்பது அரிது, ஆனால் கேட்டதே துறைக்கு ஒரு செய்தி.

ஒரு எச்சரிக்கை. கேள்விக்காக யாருக்கும் எதுவும் கொடுக்காதீர்கள், வாங்கித் தருகிறேன் என்பவரை நெருங்க விடாதீர்கள். 2005இல் கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். கேள்வி எம்.பி.யுடையது. நாம் தருவது தகவலும் வரைவும் மட்டும். ஆதாரத்தையும் சேர்த்துக் கொடுத்து அவர் அதைப் படித்துப் புரிந்துகொள்ளும்படி செய்ய வேண்டும், இல்லையென்றால் அவையில் எழுந்து நிற்கும்போது அவருக்கே தெரியாது.

எங்களுக்குப் பலன் கிடைத்ததா என்றால், கிடைத்தது. நாங்கள் கேட்ட பிறகு வந்த ஒரு பதிலின் இணைப்பில் மாநிலவாரியாக எத்தனை மரணம், எத்தனை குடும்பத்துக்கு இழப்பீடு போனது என்று அட்டவணையில் இரண்டு நெடுவரிசை இருந்தது. நம் மாநிலத்தின் வரிசையில் இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசத்தைக் கோடு போட்டு மனுக்களோடு இணைத்தோம். இத்தனை நாள் எங்கள் பட்டியலை நம்பாத அலுவலகம், அரசின் தாளைப் பார்த்ததும் பெயர்களைக் கேட்டது. சில குடும்பங்களுக்குப் பணம் வந்தது. செய்தித்தாளைக் காட்டி எங்களைத் திருப்பி அனுப்பினார்களே, அந்தப் பெண்ணுக்கும் வந்தது, எஃப்.ஐ.ஆரில் பிரிவுகளை மாற்றிய பிறகு. எல்லோருக்கும் வரவில்லை.

உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில், 1993 முதல் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது, அதற்கு முன் இறந்து இன்னும் இழப்பீடு கிடைக்காத குடும்பங்களுக்கும் இந்தத் தொகைதான் என்று தீர்ப்பு சொல்கிறது. இது பல அலுவலகங்களில் தெரியாது, தெரிந்தாலும் பழைய 10 லட்சத்தையே சொல்வார்கள். ஆகவே அடுத்த கூட்டத்தொடருக்கு நாங்கள் எழுதி வைத்திருக்கும் கேள்வி இப்படி:

(அ) கையால் மலம் அள்ளும்போதும், அபாயகரமான தூய்மைப் பணியின்போதும், சாக்கடை அல்லது செப்டிக் டேங்கில் இறங்கியபோதும், எந்தக் காரணத்தால் பதிவாகியிருந்தாலும், 1993 முதல் இறந்தவர்களின் எண்ணிக்கை மாநிலவாரியாக, ஆண்டுவாரியாக எவ்வளவு, (ஆ) 20.10.2023 அன்று இழப்பீடு பெறாமல் இருந்த குடும்பங்கள் எத்தனை, அவற்றில் எத்தனைக்கு அதன் பின் 30 லட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. (இ) 2013 சட்டத்தின் கீழ் பதிவான வழக்குகள், குற்றப்பத்திரிகைகள், தண்டனைகள் ஆண்டுவாரியாக எத்தனை. (ஈ) இத்தகவல்களை எந்தத் தேதியில் எந்த மாநிலங்களிடம் அரசு கேட்டது, எவை அனுப்பவில்லை?

150 சொற்களுக்குள் அடங்கும். வரிகளை அப்படியே எடுத்து உங்கள் தொகுதி எம்.பி.க்கு அனுப்புங்கள், கட்சி எதுவானாலும். துறை, சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல். கூட்டத்தொடர் தேதி அறிவிப்பு வந்த வாரத்திலேயே போய்ச் சேர்ந்தால்தான் 15 நாள் நோட்டீஸுக்குச் சரியாக இருக்கும்.